அரிவாள் செல் சோகை: ஒரு மரபணு மாற்றமும் நீலகிரிப் பழங்குடியினரும்

அரிவாள் செல் சோகை ஆபிரிக்கர்களுக்கு மட்டுமே உரிய நோய் என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. ஆனால் இன்றைய தமிழ்நாட்டின் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே இந்த நோய்க்கான மரபுக்கூறு இருப்பதை ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டனர். இந்தியா இதற்கென தேசிய ஒழிப்புத் திட்டமொன்றைத் தொடங்கியதோ 2023 ஜூலையில்தான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளை அறியாமையின் காலம் என்று சொல்ல முடியாது.

நோயின் காரணம் மிகச் சிறியது. சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணு, 11ஆவது குரோமோசோமில் உள்ளது. அதில் ஓரிடத்தில் அடினினுக்குப் பதிலாகத் தைமின் அமைந்துவிடுவதால், சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து சேர்கிறது. இந்த ஒற்றை அமினோ அமில வேறுபாட்டை 1956இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் வெர்னன் இங்கிராம். பிராணவாயுவை இழந்ததும் இந்தப் புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான அணு அரிவாள் போல வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதே கடும் வலிக்குக் காரணம். 120 நாட்கள் வாழவேண்டிய அணு ஓரிரு வாரங்களில் சிதைவதால் சோகை ஏற்படுகிறது.

மாறிய மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர், தாங்கி மட்டுமே. கொடிய மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு என்பதை 1954இல் அந்தணி அலிசன் எடுத்துக்காட்டினார். மலேரியா மலிந்த பகுதிகளில் இந்த மரபணு அழியாமல் நிலைத்தது அதனால்தான். இருவருமே தாங்கிகளாயின், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டுமே வரும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த பிள்ளை தப்பிவிடுவதில்லை. ஒருவர் அரிவாள் செல் தாங்கியாகவும் மற்றவர் பீட்டா தலசீமியா தாங்கியாகவும் இருந்தாலும் பிள்ளைக்கு இந்நோயின் ஒரு வகை வரலாம். தலசீமியா தாங்கிகள் இலங்கையிலும் இந்தியாவிலும் பலர் என்பதால், இது தமிழ்க் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய செய்தி.

பிரித்தானியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகாலில் இரத்தத்துளி எடுத்துச் செய்யப்படும் சோதனையில் அரிவாள் செல் சோகையும் அடங்கும். இந்தியத் திட்டத்திலோ சோதனை முடிவுகள் அட்டைகளாக வழங்கப்படுகின்றன. திருமணத்துக்கு முன் இருவரும் தத்தம் நிலையை அறிவதே நோக்கம். எனினும், தாங்கிக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்காமல் அட்டையை மட்டும் கொடுத்தால், அது பெண்களின் திருமணத்தைத் தடுக்கும் முத்திரையாகிவிடும் ஆபத்து உண்டு.

மரபணுவைத் திருத்தும் முதல் சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. கருவிலிருக்கும்போது சுரந்து பின்னர் ஓய்ந்துபோகும் கருநிலை ஹீமோகுளோபினை அது மீண்டும் சுரக்கச் செய்கிறது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர்கள். அதே ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்தும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை விலை குறைந்தது. ஆனால் அதை இடைவிடாது உட்கொள்ளவேண்டும், இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் அவ்வப்போது சோதிக்கவேண்டும். மலைக் கிராமங்களுக்கு அந்த மாத்திரையும் சோதனையும் தவறாமல் சென்றடைய வேண்டியிருக்கிறது.