தள்ளி வைத்தல்

ஆங்கிலத்தில் 'செட் பேக்' என்றொரு கூட்டுவினை உண்டு. 'வை' என்னும் வினையோடு 'பின்னே' என்னும் சிறுசொல் சேர்ந்தது. ஒரு கட்டடத்தைத் தெருவிலிருந்தோ கரையிலிருந்தோ உள்ளே தள்ளி அமைத்தல் அதன் நேர்ப்பொருள். ஒருவரின் முன்னேற்றத்தைப் பின்னடையச் செய்தல் அதன் வழக்குப்பொருள். அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் அண்மை வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வளவுகள் பலவற்றில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியது. மருதமுனையின் நெசவுத் தறிகளும் அழிந்தன.

2005 தொடக்கத்தில் அரசு ஓர் எல்லை வகுத்தது. தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றருக்குள்ளும், வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது. உயிர்காக்கும் நோக்கமே அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கல்முனைப் பகுதியில் கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. பின்னே வைக்கச் சொன்னவர்கள் எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. வயலை நிரப்பினால் மனை கிடைக்கும். மாரி வெள்ளத்துக்குப் போக்கிடம் இராது.

பின்னர் எல்லை தளர்ந்து, இக்கரையில் 65 மீற்றர் என்றாயிற்று. அதற்குள் மாதங்கள் கடந்துவிட்டன. கொட்டில்களில் வாழ்ந்தோரின் தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் பின்தங்கின. தெற்கே அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு அவற்றைக் கொடுப்பது என்ற வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன.

தமிழிலும் 'தள்ளி வைத்தல்' என்பதற்கு இத்தகைய விரிவு உண்டு. பானையை அடுப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். திருமண நாளைத் தள்ளி வைக்கலாம். ஒரு குடும்பத்தையே ஊரார் தள்ளி வைக்கலாம். அளவுகோலோடு வந்த அதிகாரிக்கு முதற்பொருள் மட்டுமே தெரிந்தது. கரையில் வாழ்ந்தவர்கள் மூன்றையும் அனுபவித்தார்கள்.

மருதமுனையில் பின்னர் எழுந்த ஒரு குடியிருப்பை மக்கள் '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்றே அழைக்கலாயினர். விலகியிருக்கச் சொன்ன தூரமே அங்குள்ளோருக்கு முகவரியாகிவிட்டது.