வேலன் அறியாத நோய்

சங்க காலத்துக் குறிஞ்சி நிலச் சிற்றூர்களில், மகளொருத்தி உண்ணாமலும் உறங்காமலும் மெலிந்து, கைவளை நெகிழ, மேனியிற் பசலை படரக் கிடப்பாளாயின், தாயானவள் கட்டுவிச்சியை அழைத்து நெல்லை எண்ணிக் குறி பார்ப்பதும், கழங்கு பார்க்கும் முருக பூசாரியாகிய வேலனை வரவழைப்பதும், அவன் இது முருகனால் வந்த வருத்தமென்று கூறிவிட்டால், மணல் பரப்பிய முற்றத்திலே மறியாட்டை அறுத்துப் பலியிட்டு அவ்வேலனை ஆடச் செய்வதும் வழக்கமாக இருந்தன. இதற்கு வெறியாட்டு என்று பெயர். இதனைப் பாடிய சிறப்பினாலேயே காமக்கண்ணியார் என்ற புலவர் ‘வெறிபாடிய’ என்னும் அடைமொழியைப் பெற்றார்.

ஆயினும், இச்சடங்கை இவ்வளவு நுணுக்கமாக வருணித்த புலவர்கள் அகப்பாட்டிலே வேலனுடைய நோய் நிதானத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதே எனக்கு வியப்பளிப்பது. பசி வருத்தவும் உண்ணாதிருத்தல், உடல் சுருங்குதல், துயில் துறத்தல், கனவிலே மயங்குதல் என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காதல் நோய்க்கு அடுக்கிச் செல்லும் குறிகளை இன்றைய மனநோய் வைத்தியர் ஒருவர் படித்தால் தமக்குப் பழக்கமான பட்டியல் என்றே கருதுவார். (யவன தேசத்திலும், இளவரசன் அந்தியோகஸின் நோய்க்கு மூலம் காதலே என்பதை, சிற்றன்னை ஸ்திராதொனிகே வரும்போதெல்லாம் அவன் முகமும் நாடியும் மாறுபட்டமை கொண்டு எராசிஸ்திராதஸ் என்ற வைத்தியர் கண்டறிந்தார் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார்.)

நம் ஊரில் அந்த வைத்தியரின் ஸ்தானத்தை வகித்தவள் தலைவியாகிய அம்மகளின் தோழி. நற்றிணை 34-ஆம் பாட்டிலே அவள் முருகனையே எதிர்நின்று, இந்நோய் மலைநாடன் மார்பினால் வந்ததென்று தெரிந்திருந்தும் வேலன் அழைத்தானென்று வந்து நிற்கின்றாயே, கடவுளாயினும் நீ அறியாமை உடையாய் என்று கூறிவிடுகிறாள், என்ன துணிவு! அகநானூற்று 22-ஆம் பாட்டில், அந்த வெறியாட்டு நடந்த இரவிலேயே காவலரை ஏமாற்றித் தலைவன் வந்து தழுவ, பிணி தீர்ந்த தலைவி, சம்பந்தமே இல்லாத வேலன் வீணாக வருந்தியதை நினைத்துச் சிரிக்கிறாள்.

ஆனால் களவிலே பெற்ற அந்தச் சுகம் நிலைப்பதன்று. மழையிருளில் யானை திரியும் மலைவழியே அவன் வரவேண்டும் என்ற அச்சமும், ஊரார் அலரும், வரைவு (மணம்) நீட்டிக்குந்தோறும் பெருகும் ஐயமும் அவளை மீண்டும் வாட்டுவதை அறிந்த தோழி, வேலிப்புறத்தே மறைந்து நிற்கும் தலைவன் காதில் விழும்படியாக, அன்னை மறுபடியும் வேலனுக்குச் சொல்லியனுப்பக் கருதுகிறாள் என்று உரத்துப் பேசுவாள்.