ஒன்றுக்கு இரண்டு எப்போது நல்லது?

அண்மையில் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஆசிரியை ஒருவர், கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையொன்றை எடுத்து நீட்டினார். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றதும், மருந்துக் கடையில் சீட்டு கேட்காமலேயே கொடுத்தது. செஃபிக்ஸிம், ஓஃப்லாக்ஸசின் என அதில் இரு பெயர்கள். மூன்று நாள் விழுங்கியும் எரிச்சல் தணியவில்லை. "ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறதே டாக்டர், நல்லதுதானே?" என்றார்.

நல்லதாகும் இடமும் உண்டு. பலர் '625' என்றே கேட்டு வாங்கும் மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின். எஞ்சிய 125 கிளாவுலானிக் அமிலம். கிருமியைக் கொல்வது முன்னது; பின்னது காவலாள். அமாக்ஸிசிலினைச் சிதைக்க ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் சுரக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை அது முடக்குகிறது.

இவ்வழியில் சென்னைக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆர்க்கிட் ஃபார்மா கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம் என்னும் நொதித்தடுப்பானைச் செஃபிபைமுடன் சேர்த்த ஊசி மருந்துக்கு, சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், இம்மருந்தைப் பெற்றோரில் 79 விழுக்காட்டினருக்கு நோய்க்குறி நீங்கிக் கிருமியும் அகன்றது. பைப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றோரில் 59 விழுக்காட்டினருக்கே அப்பலன் கிட்டியது. இது ரத்தக் குழாய் வழியே செலுத்துவது. கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று.

கோ-ட்ரைமாக்சசோலின் கதை வேறு. 1968-இல் பிரிட்டனில் அறிமுகமான இதன் இரு மருந்துகளும், கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் பாதையில் அடுத்தடுத்த இரு படிகளை அடைக்கின்றன. ஏட்டளவில் அழகான ஏற்பாடு. ஆனால், சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு ட்ரைமெத்தோப்ரிம் தனித்தே ஏறக்குறைய அதே பலனைத் தருவது பின்னர் தெரிந்தது. கடும் ஒவ்வாமைகளில் பெரும்பங்கு சல்ஃபாவினுடையது. 1995-இல் பிரிட்டன் இக்கலவையின் பயன்பாட்டைச் சுருக்கியது.

காசநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறோமே என்று கேட்கலாம். காசநோய்க் கிருமி, தன் மரபணுவில் நேரும் தற்செயல் மாற்றங்களால் எதிர்ப்பாற்றல் பெறுகிறது. இரு மருந்துகளுக்கு எதிராக அது ஒருசேர நேர்வது மிக அரிது. ஈ.கோலை அப்படியன்று. பிளாஸ்மிட் என்னும் மரபணு வளையத்தில், பல மருந்துகளுக்கான எதிர்ப்பாற்றலை மூட்டையாகவே அண்டைக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் செஃபிக்ஸிமுக்கு அடங்காத ஈ.கோலை, பெரும்பாலும் ஓஃப்லாக்ஸசினுக்கும் அடங்குவதில்லை. ஒன்று தவறினால் மற்றது காக்கும் என்னும் கணக்கு இங்கே பொய்க்கிறது. குடலில் வாழும் நற்கிருமிகளோ இரு பக்கமும் அடிபடுகின்றன; பிழைத்து நிற்பவை இரண்டுக்கும் அடங்காதவை. 328 கலவை மருந்துகளை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்த பின்னும் இத்தகைய இரட்டை மாத்திரைகள் கடைகளில் இருக்கின்றன.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினேன். முதல் மாத்திரைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. காய்ச்சலோ விலா வலியோ இல்லாததால் காத்திருக்க முடிந்தது. இரண்டாம் நாள் முடிவு வந்தது: ஈ.கோலை, அட்டையிலிருந்த இரு மருந்துகளுக்கும் அடங்காதது, 1953 முதல் புழக்கத்திலுள்ள நைட்ரோஃபுரான்டாயினுக்கு அடங்குவது. சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருந்ததால் அதையே ஐந்து நாள்களுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒன்றுதானா டாக்டர்?"