நோன்பும் நீதிபோதனையும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தரும் இரு சான்றுகள்

தமிழகப் பள்ளிகளில் நீதிபோதனைக்கென்று ஒரு பாடவேளை நெடுங்காலமாக இருந்துவருகிறது. பல நேரங்களில் கணக்கு ஆசிரியர் விட்டுப்போன பாடத்தை முடிக்க அதை வாங்கிக்கொள்வார். வகுப்பு நடக்கிற நாளில் ஒரு கதை, கதையின் அடியில் ஒரு நீதி, அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் பிள்ளைகள். 1959இல் மத்திய அரசு அமைத்த ஸ்ரீபிரகாசா குழு பள்ளியில் சமய, ஒழுக்கக் கல்வி வேண்டும் என்றது. 1964–66இல் இயங்கிய கோத்தாரிக் குழு வாரத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்கச் சொன்னது. 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைப் பாடத்தில் சேர்க்குமாறு உத்தரவிட்டது. மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் நம் வகுப்பறைகளில் மூன்றும் ஒரே நம்பிக்கையாகச் சுருங்கிவிட்டன: அறத்தை எடுத்துச் சொன்னால் பிள்ளைக்கு அது வந்துவிடும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் மிகக் குறைவு.

1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஏமாற்ற வாய்ப்புள்ள பல சூழல்களை உருவாக்கி, யார் எங்கே நேர்மையாக இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வகுப்பில் நேர்மையாக இருந்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. எது சரி என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள் என்று கொள்ள முடியவில்லை. நற்பண்பு பழகிப் பழகி வருவது என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதற்கு இசைவானதே. இவ்வளவு ஏன், நம் மண்ணிலேயே இதைவிட நுட்பமான ஒரு பயிற்சி முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் பாட்டாக இருக்கிறது.

ஆண்டாளின் திருப்பாவையை இங்கே இளையோருக்கான ஒழுக்கப் பயிற்சியின் வரைவாகப் படிக்கிறேன். இரண்டாம் பாசுரத்தில், மார்கழி நோன்பைத் தொடங்கும் சிறுமியர் எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று தாங்களே அறிவிக்கிறார்கள். நெய்யும் பாலும் உண்பதில்லை, மை இடுவதில்லை, பூச் சூடுவதில்லை, கோள் சொல்லப்போவதில்லை, கேட்பவர்க்கு முடிந்தவரை கொடுப்போம். நாவைக் காப்பதும் கொடுப்பதும் உணவைக் குறைப்பதோடு ஒரே பட்டியலில் வருவதைக் கவனிக்க வேண்டும். உடலுக்கு ஒரு பயிற்சி, மனத்துக்கு வேறொன்று என்ற பிரிவினை அங்கே இல்லை.

ஆறு முதல் பதினைந்து வரையுள்ள பத்துப் பாசுரங்கள் இன்னும் முக்கியமானவை. அவற்றில் எழுப்ப வருபவர்களில் ஆசிரியர் யாரும் இல்லை, பெரியவர் யாரும் இல்லை. தோழியர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தூங்குகிறவளை எழுப்புகிறார்கள். கேலி உண்டு, கோபம் உண்டு, அவளை விட்டுவிட்டுப் போவது மட்டும் கிடையாது. பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவர்களும் வாதாடுகிறார்கள். கடைசியில் உள்ளே இருப்பவள் குற்றத்தைத் தன்னுடையதென்றே ஏற்றுக்கொள்கிறாள். வைணவ உரைமரபு இந்த இடத்தைத் திருப்பாவையின் சாரமாகப் போற்றுகிறது. தவறிய தோழியை இழிவுபடுத்தாமல் திருத்துவது, திருத்தப்படும்போது வன்மம் கொள்ளாதது ஆகிய இரண்டும் எந்த நீதிபோதனை வகுப்பிலும் கற்பிக்கப்பட்டு நான் கண்டதில்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இவற்றைவிடத் தேவையானவை வேறெவை?

நோன்புக்கு முடிவும் இருக்கிறது. இருபத்தேழாம் பாசுரத்தில் விலக்கி வைத்த நெய்யும் பாலும் திரும்பி வருகின்றன. எல்லாரும் கூடியிருந்து உண்கிறார்கள். கூடாரவல்லி நாளில் கோயில்களிலும் வீடுகளிலும் அக்காரவடிசில் வைப்பது இதை ஒட்டித்தான். கட்டுப்பாடு இன்பத்தின் மேல் கொண்ட வெறுப்பாக இறுகிவிடாமல் காக்கிற ஏற்பாடு அது.

மறுப்புகள் உண்டு. அரசுப் பள்ளிக்குள் இதை எப்படிக் கொண்டுவருவது? அரசு நிதியில் மட்டுமே நடக்கும் நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. அது காக்கப்பட வேண்டிய விலக்கு. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது நோன்பின் அமைப்பை: குறிப்பிட்ட நாள்கள், தாமே தேர்ந்த விதிகள், தோழமையின் கண்காணிப்பு, கூடி உண்ணும் நிறைவு. இதற்கு எந்தத் தெய்வத்தின் பெயரும் தேவையில்லை. ரமலான் நோன்பிருக்கும் பிள்ளைக்கும் தவக்காலம் காக்கும் பிள்ளைக்கும் இந்த அமைப்பு புதிதல்ல. இன்னொரு மறுப்பு கனமானது. பெண்பிள்ளைகளை அடக்கிவைக்க நோன்பைக் கருவியாக்கியவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் மனிதருக்கு வாழ்க்கைப்பட மறுத்த ஒரு பெண்ணின் குரலை அடக்கத்தின் பாடமாக்குவது அவளுக்குச் செய்யும் அநீதி. பயிற்சி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ராஜபாளையம் வேறொரு சான்றைத் தருகிறது. 1898இல் அங்கே பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். முதல் பொதுத்தேர்தலில், பதவியில் இருந்தபடியே, ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். பின்னர் ஒடிசா ஆளுநரானார். தம்முடைய வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கென ஊருக்குக் கொடுத்துவிட்டார். தலைவர்களின் வாழ்க்கையைப் பள்ளியில் சொல்லும்போது வெற்றிகளை அடுக்கிவிட்டு, அவர்கள் இழந்ததை ஒரு வரியில் தள்ளிவிடுகிறோம். எதிலிருந்து பிள்ளை கற்க முடியுமோ அது விடுபட்டுப்போகிறது. சொந்த மண்ணிலேயே தோற்ற முதலமைச்சர் ஒருவர், கொடுக்கப்பட்ட ஒரு வீடு: இவை பக்கத்துத் தெருவில் கண்ணால் காணக்கூடியவை, விலை தெரிந்தவை. அந்த வாசலில் ஒரு வகுப்பை நிறுத்தி, உங்கள் வீடாக இருந்தால் கொடுப்பீர்களா, ஏன் கொடுக்கமாட்டீர்கள் என்று கேட்கலாம். "கொடுக்கமாட்டேன்" என்கிற பிள்ளையின் காரணத்தையும் மதித்துக் கேட்க வேண்டும்.

எச்சரிக்கையும் பக்கத்திலேயே உண்டு. இவ்விரு ஊர்களும் உள்ள மாவட்டத்துச் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர் உழைத்தது குறித்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சிறுவர் தொழிலாளிக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் பொறுமையையும் உழைப்பையும் போதித்திருந்தால் அது அறக்கல்வியாகியிருக்காது. பெரியவர்கள் தமக்குப் பொருந்தாத விதியைப் பிள்ளைக்கு விதிக்கும் வரை எந்தப் பாடத்திட்டமும் போலியே. ஆகவே ஆசிரியரும் அதே நோன்பை ஏற்க வேண்டும் என்பது என் முறையில் தவிர்க்கக்கூடாத நிபந்தனை.

நடைமுறையில் மார்கழி சரிப்படாது. அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் அதில் விழுகின்றன. ஆடி மாதம் பொருந்தும். வகுப்பே பேசி முடிவுசெய்து, செய்ய ஒன்று, விட ஒன்று என முப்பது நாள். வாரம் ஒருமுறை, தவறியவர் தாமே சொல்வது. முடிவில் எல்லாரும் கொண்டுவந்து பகிர்ந்து உண்பது. மதிப்பெண் வேண்டாம், பரிசு வேண்டாம். கல்வித்துறையின் எமிஸ் தரவுத் தளத்தில் ஏற்றவும் வேண்டாம். ஆசிரியர்கள் ஏற்கெனவே ஏற்றிக் களைத்திருக்கிறார்கள். கல்வித்துறை தர வேண்டியது, கணக்குப் பாடத்துக்குப் போய்விடாத வாரம் ஒரு மணி நேரம்.