மூட்டையும் மூட்டைப்பூச்சியும்

பொங்கலுக்கு முந்தைய இரவுகளில், பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. சாலையோரம் பல ஆண்டுகள் காத்து நின்றவர்கள் நாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்படும்வரை, தென்மாவட்டப் பேருந்துகளுக்காகப் புறநகர் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு கூடிய இடம் இது. அத்தகைய ஓர் இரவில் பேருந்தைத் தவறவிட்டு, அருகிலிருந்த விடுதியொன்றில் அறை எடுத்தோம்.

விளக்கணைத்த அரைமணியில் கடி தொடங்கியது. மெத்தையின் தையலோரத்தைப் புரட்டினால் கரும்புள்ளிகளும் உரிந்த தோல்களும், நடுவே உயிரோடு சிலவும். விடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருந்தோம். காலையில் அறையைக் கூட்ட வந்த அம்மாளிடம் சினந்தபோது, "எத்தனை தடவ மருந்தடிச்சாலும் வருதுங்க, வர்றவங்க பையிலதான் வருது" என்றார். சாக்குச் சொல்கிறார் என்றே எண்ணினோம். பின்னர் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நியாயம் அவர் பக்கமே இருக்கக் கண்டோம்.

மூட்டை என்ற சொல் தமிழில் பொதியையும் பூச்சியையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் பொருத்தமானது. பறக்கவோ தாவவோ இயலாத இவ்வுயிர் ஊர்விட்டு ஊர் செல்ல மனிதரின் பொதியையே நம்பியிருக்கிறது. பஞ்சதந்திரக் கதையில் அரசனின் பட்டுப் படுக்கைக்கு மூட்டைப்பூச்சி விருந்தாளியாகத்தான் வந்து சேர்கிறது. கடித்துவிட்டு அது ஒளிந்துகொள்ள, இடங்கொடுத்த பேன் அகப்பட்டு மடிகிறது. வந்தவன் தப்பிப்பதும் இருந்தவன் பழி சுமப்பதும் அன்றே எழுதப்பட்டுவிட்டன.

பழைய சத்திரங்களில் வழிப்போக்கர் தம் பாயையோ துண்டையோ விரித்துத் திண்ணையில் படுத்தனர். அங்கும் சுவர் வெடிப்புகளில் பூச்சி இருந்திருக்கும். ஆனால் படுக்கை அவரவருடையது. காலையில் உதறிச் சுருட்டப்படுவது. பின்வந்த விடுதிகளோ கட்டிலையும் பஞ்சு மெத்தையையும் கூடவே அளித்தன. மூட்டும் தையலும் நிறைந்த ஒரே படுக்கையில் நாள்தோறும் வெவ்வேறு ஊரார் படுக்கும் வழக்கம் வந்தது. பூச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அரசும் இதனை அறியாமலில்லை. இந்தியாவிலேயே முன்னோடியான 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தங்கும் விடுதிகளைப் பதிவுக்கும் சுகாதார விதிகளுக்கும் உட்படுத்தியது. விடுதியின் தூய்மை பொதுப் பொறுப்பு என ஏற்கப்பட்டது.

அதே 1939இல்தான் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இனி மூட்டைப்பூச்சி இல்லை என உலகம் நம்பிய காலம் அது. ஆனால் 1947இலேயே ஹவாய்த் தீவுகளின் பேர்ல் துறைமுகப் படைவீடுகளில், அம்மருந்துக்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. இந்தியாவில் 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. முதலில் கொசுவோடு மூட்டைப்பூச்சியும் மாண்டது. சில ஆண்டுகளில் அது மருந்தை வென்று மீண்டது. மருந்தடித்தபின் பூச்சி பெருகிவிட்டதென்று பலர் தெளிப்போரை வீட்டுக்குள் விடவே மறுத்தனர். விடுதி அம்மாள் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

இது ஏழை நாட்டின் நோயுமன்று. 1990களின் இறுதியிலிருந்து மேலைநாட்டு நகரங்களில் மூட்டைப்பூச்சி மீண்டும் பெருகியது. 2023இல் பாரிஸ் நகரமே இதனால் கலங்கியது.

நம் பாட்டிமார் கட்டிலை முற்றத்தில் கிடத்தி, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவர். அதில் அறிவியல் உண்டு: ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை இப்பூச்சி தாங்குவதில்லை. மருந்துக்குப் பழகிய பூச்சி கொதிநீருக்குப் பழகவில்லை.

விடுதி உரிமையாளருக்குக் கடமை உண்டு. நல்ல மெத்தையும், தூய்மை செய்யப் போதிய ஆளும் நேரமும் தரவேண்டியவர் அவர். நமக்கும் கடமை உண்டு. அறைக்குள் நுழைந்ததும் மெத்தை ஓரத்தைப் பார்ப்போம்; பையைக் கட்டில்மேல் வைக்காதிருப்போம்; வீடு திரும்பியதும் துணிகளைச் சுடுநீரில் அலசுவோம். அன்று அந்த அம்மாளிடம் சினந்தது தவறு. அன்று காலை நாம் தூக்கிச் சென்ற பையில் எத்தனை பூச்சிகள் நம் ஊருக்குப் பயணப்பட்டனவோ, அதை நாம் சோதிக்கவே இல்லை.