ஈறில் கசியும் ரத்தமும் தேயிலைத் தோட்டத்துப் பையன்களும்



"மகளுக்கு 13 வயசு டீச்சர். பல் விளக்கினா ஈறுல ரத்தம் வருது. சூடுதானே?" என்று பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். நம் மதுரைப் பக்கம் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் சூடு, அப்புறம்தான் மற்றதெல்லாம்! அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் இதற்குப் பின்னால் நம் மக்களின் சரித்திரம் ஒன்று இருக்கிறது.

ஹரால்ட் லோ என்று ஒரு நார்வேக்காரப் பல் மருத்துவர். டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரில் 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் சில நாட்களில் சரியாகிவிட்டது. 1965இல் இது வெளியானது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் சூடு இல்லை, பல்லில் மாவு போலப் படியும் கிருமிப் படலம்தான் என்பது அப்போது உறுதியானது.

சரி, அதை வருடக்கணக்கில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? அதைப் பார்க்க அவர் இரண்டு கூட்டத்தாரை எடுத்துக்கொண்டார். 1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களும் படித்தவர்களும். சிறு வயதிலிருந்தே ஒழுங்கான பல் மருத்துவம் கிடைத்தவர்கள். 1970இல் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள். தமிழர்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் வழிவந்த மக்கள். வயது 14லிருந்து தொடங்குகிறது. நம் வகுப்புக் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பையன்!

15 வருடம், 1985 வரை, அதே இரண்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 161 பேர். அதே ஆண்டுகளில்தான் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனிதர்களுக்குச் சொத்தைப் பல் என்பதே கிட்டத்தட்ட இல்லை. சாப்பாடும் மோசமில்லை, உடம்பும் திடம்தான். ஆனால் பல்லெல்லாம் காரை, ஈறெல்லாம் வீக்கம். இருந்தும் முடிவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 100க்கு 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 8 பேருக்கு 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35இல் 12 பல், 40இல் 20 பல், 45இல் ஒன்றுகூட இல்லை. சொத்தையே இல்லாத வாய் 45 வயதில் பொக்கை!

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் உறுத்தல். பல் மருத்துவத்தையே காணாதவர்கள் என்பதால்தான் இவர்கள் ஆராய்ச்சிக்குத் தோதாக இருந்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்தக் கணக்கு நம்மவர்கள் பல்லை இழந்து கொடுத்தது. பாடப்புத்தகத்தில் அவர்கள் "இலங்கைத் தொழிலாளர்கள்", அவ்வளவுதான்.

அந்த எட்டுப் பேரில் ஒருவரா, பதினொரு பேரில் ஒருவரா என்று 14 வயதில் வாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பிள்ளையின் ஈறு ரத்தத்தைச் சூடு என்று தள்ளிவிடாதீர்கள் என்கிறேன். பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால், கொஞ்சம் அழுக்குக்கே ஈறு அதிகமாக வீங்கும். ரத்தம் வருகிறதே என்று பயந்து பிரஷ்ஷை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் விட்டால் இன்னும் கூடும். மெல்லிய பிரஷ்ஷால், ஈறு ஓரத்தையும் சேர்த்து, இரவிலும் ஒரு தடவை விளக்கட்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால், அல்லது பல் ஆடினால், பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாயைத் திறக்கச் சொன்னால் நாம் சொத்தையைத்தான் தேடுகிறோம், ஈறையும் பாருங்கள். வீங்கின ஈறு திரும்பிவிடும், அடியில் கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது.

2010இல் அந்தத் தோட்டத்துக்காரர்களை மறுபடி தேடிப் பரிசோதித்தபோது அகப்பட்டவர்கள் 75 பேர். 1970இல் வாய் திறந்து காட்டிய அந்தப் பையன்கள் அப்போது தாத்தாக்கள்.