மூன்றாவது கன்று எதை அளந்தது?

மரங்கள் நிலத்தடிப் பூசண இழைகள் வழியே ஒன்றுக்கொன்று கார்பனைக் கொடுத்து வாங்குகின்றன என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது, சுசேன் சிமார்டும் சக ஆய்வாளர்களும் 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட களச்சோதனையை. அதன் அளவீடுகளில் எனக்கு ஐயமில்லை. அதில் மூன்றாவதாக இடம்பெற்ற சீடர் மரக்கன்றைப் பின்வந்த ஒரு சாரார் வாசித்த முறையைத்தான் ஏற்க இயலவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிர்ச், டக்ளஸ் ஃபர், செஞ்சீடர் ஆகிய மூன்றும் அருகருகே வளர்க்கப்பட்டன. முதலிரண்டின் வேர்களிலும் புறப்பூசணம், சீடரில் உட்பூசணம்; ஆகவே சீடர் மற்ற இரண்டோடும் இழைகளால் இணையாது. பிர்ச்சுக்கும் ஃபருக்கும் கார்பன்-13, கார்பன்-14 என வெவ்வேறு ஐசோடோப்புகள் ஊட்டப்பட்டன. கார்பன் இரு திசையிலும் சென்றிருந்தது. வரவு செலவு கழித்தபின் ஃபரிடம் மிஞ்சியது, ஒளிச்சேர்க்கையால் அது ஈர்த்துக்கொண்ட ஐசோடோப்பில் சராசரியாக 6 விழுக்காடு. சீடருக்குக் கிடைத்ததோ சிறிதளவே. ஆகவே கார்பன் பெரும்பாலும் இழைகள் வழியே நேரடியாகச் சென்றிருக்கக்கூடும் என்று ஆசிரியர்கள் கருதினர். அவர்கள் 'கூடும்' என்று நிறுத்தியதைப் பின்வந்தோர் 'சென்றது' என்று முடித்துவிட்டனர்.

இந்த வாசிப்பு ஒரு கழித்தல் கணக்கு. சீடர் பெற்றது மண்வழி வந்த கார்பன். ஃபர் பெற்றதிலிருந்து அதைக் கழித்தால் எஞ்சுவது இழைவழி வந்தது. இது செல்லுபடியாக வேண்டுமானால், இணைப்பு இல்லை என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சீடரின் வேர் ஃபரின் வேரைப் போலவே மண்ணிலிருந்து கார்பனை உறிஞ்ச வேண்டும். அப்படி உறிஞ்சும் என்று கொள்ள என்ன ஆதாரம்?

புறப்பூசணம் வேர்நுனியை உறைபோல மூடி, அங்கிருந்து மண்ணுக்குள் அடர்ந்து பரவுகிறது. மண்ணிலுள்ள அமினோ அமிலங்கள் போன்ற கரிமச் சேர்மங்களை உறிஞ்சும் திறன் அதன் பல இனங்களுக்கு உண்டு. உட்பூசணமோ சர்க்கரைக்கும் கொழுப்பு அமிலங்களுக்கும் ஏறத்தாழ முழுவதுமாகத் தன் செடியையே நம்பி வாழ்வது. பிர்ச்சின் வேர் மண்ணில் கசியவிடும் கார்பனில் சீடரால் எட்டமுடியாத பங்கை, பிர்ச்சோடு எந்த இணைப்பும் இல்லாத புறப்பூசண வேர்கூட எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சீடரின் எண், மண்வழிக் கார்பனுக்கு ஒரு கீழ்வரம்பு மட்டுமே. கழித்தபின் எஞ்சியதில் இழைவழிப் பங்கு எவ்வளவு, ஃபரின் சொந்தப் பூசணம் மண்ணிலிருந்து திரட்டியது எவ்வளவு என்று அந்தச் சோதனையைக் கொண்டு பிரிக்க முடியாது. வேர்கள் மூச்சாக விடும் கார்பன் டை ஆக்சைடு மறுபடி உறிஞ்சப்படுவதும் இதில் கலந்திருக்கும். அந்த அளவு இனத்துக்கு இனம் ஒன்றாக இருக்கும் என்று எண்ணவும் காரணமில்லை.

அதே சோதனையில் ஃபருக்கு நிழலிட்டபோது அதன் நிகர வரவு மாறியதே, அது இணைப்பைக் காட்டாதா என்பர். காட்டாது. நிழல் ஃபரின் வேரையும் அதிலுள்ள பூசணத்தையும் சேர்த்தே பாதிக்கிறது. மாற்றம் எந்த வழியில் நேர்ந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் எதிர்முனைக்குப் போய், பூசணம் பச்சை மரத்துக்குக் கார்பன் கொடுக்கவே கொடுக்காது என்போரோடும் நான் உடன்படவில்லை. பச்சையமே இல்லாத மோனோட்ரோப்பா செடிக்கு அருகிலுள்ள ஸ்ப்ரூஸ், பைன் மரங்களிலிருந்து கார்பன் போவதை ஸ்வீடனின் எரிக் பியோர்க்மன் 1960இலேயே காட்டிவிட்டார். அது ஒட்டுண்ணிபோல் வாழும் விதிவிலக்கு என்ற மறுப்பு இங்கே பொருட்டல்ல. இழைக்கு அந்த வழி உண்டு என்பதற்கு ஒரு சான்று போதும். வழி உண்டென்பதால் பிர்ச்சும் ஃபரும் அதைப் பயன்படுத்தின என்று ஆகிவிடாது, அவ்வளவே. 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர், 2023இல் இத்துறையின் மிகைக்கூற்றுகளைப் பட்டியலிட்ட விமர்சனக் கட்டுரையிலும் ஆசிரியராக இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஸ்விட்சர்லாந்தில் சுமார் 40 மீட்டர் உயர ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு ஐசோடோப்பால் இனங்காணத்தக்க அடையாளக் கார்பனை ஊட்டிச் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, அண்டை மரங்களின் நுண்வேர்களில் அதைக் கண்டது. மதிப்புமிக்க ஆய்வு; ஆனால் இங்கும் ஒரு முட்டுக்கட்டை. நுண்வேரை அரைத்தால் வேரும் அதை மூடிய பூசணமும் ஒன்றாகவே அரைபடுகின்றன. அந்தக் கார்பன் மரத்துக்குள் போனதா, தன் கார்பனைத் தானே வைத்துக்கொண்ட பூசணத்திலேயே தங்கியதா?

இதைத் தீர்க்க சீடர் வேண்டாம். இரு தொகுதியிலும் ஃபரே பெறுநராக இருக்கட்டும். வேர் நுழையாமல் இழை மட்டும் நுழையும் நுண்வலைக்குள் அதை வளர்த்து, ஒரு தொகுதியில் மட்டும் வலையை அவ்வப்போது திருப்பி இழைகளை அறுக்கலாம். அறுப்பதால் பூசணத்தின் உறிஞ்சுபரப்பும் குறையும் என்பது உண்மை. அதற்காக, பிர்ச்சே இல்லாமல் மண்ணில் நேரடியாக அடையாளச் சர்க்கரை இட்ட மூன்றாம் தொகுதியையும் திருப்பியும் திருப்பாமலும் வைத்துப் பார்க்க வேண்டும். அளவிட வேண்டியதும் வேரை அல்ல, ஃபரின் தண்டிலுள்ள உணவுக்குழாய்ச் சாற்றை. அங்கே சுக்ரோஸில் அடையாளம் தென்பட்டால் கார்பன் மரத்தைச் சேர்ந்துவிட்டது எனலாம். வேர்நுனியின் ட்ரெஹலோஸிலும் மானிட்டாலிலும் மட்டுமே அது நின்றுவிட்டால், பிர்ச்சிடமிருந்து வாங்கியது பூசணம்தான், ஃபர் அல்ல.